வரப்போகும் நீரின் கணக்கு: காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆணையத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவினருக்கும் வணக்கம்.

வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே நான்கு ஏக்கர் நிலத்தை உழுதுகொண்டிருக்கும், பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் எழுதும் மடல் இது. பங்கீட்டின் நியாயத்தைப் பற்றி இதில் ஒரு வரியும் இல்லை. இரு மாநில எல்லையிலுள்ள அளவிடும் நிலையமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் வந்து சேர வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தீர்த்துவிட்டது. அதைக் கூட்டவோ குறைக்கவோ நான் வாதாட வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அணைகளுக்கு இதுவரை வந்த நீரின் கணக்கு உங்கள் கூட்டங்களில் பேசப்படுவதைப் போலவே, இனி வரப்போகும் நீரின் கணக்கும் எண்களாக, கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி ஆகிய நான்கு தரப்புக்கும் பொதுவான ஒரே தாளாக மேசைக்கு வர வேண்டும். அந்தத் தாள் அன்றே எங்கள் கைக்கும் கிடைக்க வேண்டும்.

உங்களிடம் உள்ள மாதவாரி அட்டவணை எங்கள் ஊர் டீக்கடையில்கூட மனப்பாடம். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்ட்டில் 45.95, செப்டம்பரில் 36.76 டி.எம்.சி. ஆண்டுப் பங்கில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த நான்கு மாதங்களுக்குள் வந்துவிட வேண்டும். ஆனால் இது இயல்பான ஆண்டுக்கு எழுதப்பட்ட அட்டவணை. மழை குறைந்த ஆண்டில் குறையை எல்லோரும் விகிதப்படி ஏற்க வேண்டும் என்பது காவிரி நடுவர் மன்றத்தின் சொல். குறை எவ்வளவு என்று காண, கர்நாடகத்திலுள்ள கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு அணைகளுக்கும் அந்தத் தேதி வரை வந்த நீரை 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். இது நேர்மையான கணக்குதான். இதில் யாரும் கைவைக்க முடியாது என்பதே இதன் பலம். ஆனால் குறை கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. குதிரில் நெல் தீர்ந்த பிறகு அளந்து பார்த்து, வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை வேளைச் சோறு என்று பேச உட்கார்வதைப் போன்றது இது. அந்த நேரத்தில் எந்தக் குடும்பத்திலும் நிதானமான பேச்சு நடக்காது.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் ஜூன் 12 அன்று முறைப்படி திறந்தது. அந்த நம்பிக்கையில் ஜூன் கடைசி வாரத்தில் ஆடுதுறை 43 என்ற குறுகிய கால நெல் ரகத்தை நாற்றுவிட்டு, ஜூலை கடைசியில் நட்டேன். செப்டம்பர் நடுவில் கதிர் எட்டிப் பார்த்தபோது எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முறை வருவதற்குள் வயல் வெடித்து, வெடிப்பில் என் ஆள்காட்டி விரல் அடிவரை இறங்கியது. கடைமடையில் நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டவர்களுக்கும் அது உதவாது. மதகுச் சுவரில் முந்தைய ஆண்டு தண்ணீர் நின்ற கறை முழங்கால் உயரத்தில் தெரிந்தது. அந்த ஆண்டின் தண்ணீர் கணுக்காலைத் தொடவில்லை. பால் பிடிக்காத கதிரைத் தூற்றியபோது பாதி பதராய்ப் பறந்தது. அக்டோபர் 10 அன்று மேட்டூர் மூடப்பட்டது.

இதில் யார் மீதும் எனக்குப் புகார் இல்லை. வானம் பொய்த்தது. 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட் அந்த ஆண்டினுடையது. நாடு முழுவதற்குமான குறைவு 36 விழுக்காடு. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் மழை இயல்புக்குக் குறைவாகவே இருக்கக்கூடும் என்று இந்திய வானிலைத் துறை ஜூலை 31 அன்றே அறிவித்திருந்தது. பருவமழையைக் குறைக்கக்கூடிய எல் நினோ உருவாகிவிட்டது என்பது ஜூன் மாதமே தெரிந்த செய்தி. நானும் இவற்றை நாளிதழில் படித்தேன். படித்து என்ன செய்ய? ‘நாடு முழுவதும் இயல்புக்குக் குறைவு’ என்ற சொல்லுக்கும் குடகில் பெய்து, கிருஷ்ணராஜ சாகரில் தேங்கி, பிலிகுண்டுலுவைக் கடந்து, மேட்டூரில் நின்று, கல்லணையில் பிரிந்து என் மதகுக்கு வரும் தண்ணீருக்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. மழையை ஆற்றோட்டமாக மாற்றிச் சொல்லும் கணக்குதான் அந்தத் தூரத்தைக் கடக்கும். அப்படி ஒரு கணக்கு எங்கள் கைக்கு வரவில்லை.

வந்திருந்தாலும் நட்ட குறுவையை அது காப்பாற்றியிருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆகஸ்ட்டில் சம்பாவுக்கு விதை வாங்கப் போனபோது, 155 நாள் நிற்கும் சி.ஆர். 1009-ஐ விட்டுவிட்டு 135 நாள் ரகத்துக்கு மாறியிருப்பேன். குறுவைக்கு இரண்டாம் மேலுரம் போட நகையை அடகு வைத்திருக்க மாட்டேன். ஒரு கடைமடை விவசாயிக்கு முன்கணிப்பின் மதிப்பு இவ்வளவுதான், ஆனால் இது சிறிய மதிப்பு அல்ல. உங்களுக்கோ அதன் மதிப்பு இன்னும் பெரிது. அந்த செப்டம்பரில் வினாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் விட வேண்டும் என்ற உத்தரவின் மொத்த அளவு சுமார் 6.5 டி.எம்.சி.; அட்டவணைப்படி செப்டம்பரில் பாதி மாதத்துக்கு உரியது 18 டி.எம்.சி.க்கு மேல். இங்கே அது போதவில்லை என்று சாலை மறியல். அங்கே அது கூடாது என்று செப்டம்பர் 26 அன்று பெங்களூரிலும் 29 அன்று கர்நாடகம் முழுவதிலும் முழு அடைப்பு. ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே, இந்த நான்கு அணைகளுக்கும் அடுத்த நான்கு வாரங்களில் வரக்கூடிய நீர் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் இருக்கும் என்ற ஒரு பொதுத்தாள் இரு மாநிலத்தார் முன்னும் இருந்திருந்தால், கசப்பு இல்லாமல் போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. பேச்சு ஒரு மாதம் முன்னதாகத் தொடங்கியிருக்கும்.

அப்படி ஒரு தாளைத் தயாரிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை இன்று மாறியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் கீழ் 2018 முதல் முழுநேரச் சேவையாக இயங்கும் குளோஃபாஸ் என்ற உலக வெள்ள விழிப்புணர்வு அமைப்பு, உலகின் ஆறுகளை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் வருநாட்களின் ஆற்றோட்டத்தைக் கணிக்கிறது. அதன் முறையை என் மாணவர்களுக்குச் சொல்வது போலச் சொன்னால், ஒரே நாளின் வானிலையைச் சிறு சிறு வேறுபாடுகளோடு 51 முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் மழையும் மண்ணில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, ஆறாக ஓடுவதைக் கணினி கணக்கிடுகிறது. 51 பேர் உட்கார்ந்த பஞ்சாயத்தில் 40 பேர் ஒரே பக்கம் சாய்ந்தால் அது ஒரு செய்தி. ஆளுக்கொன்று சொன்னால் அதுவும் ஒரு செய்திதான், ஏனெனில் இப்போது எதையும் உறுதியாக நம்பாதே என்று அது சொல்கிறது. தனி ஒரு எண்ணைச் சொல்லும் பழைய முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கூகுள் நிறுவனம் மத்திய நீர் ஆணையத்துடன் சேர்ந்து 2018இல் பாட்னாவில் தொடங்கிய முயற்சி இன்று செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஏழு நாள் வரை வெள்ளம் சொல்லும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அளவுமானியே இல்லாத ஆற்றுப்படுகைகளிலும், ஐந்து நாள் முன்னதாகச் சொல்லும் கணிப்பு, மேலே சொன்ன குளோஃபாஸ் அன்றன்றைக்குச் சொல்லும் கணிப்புக்கு நிகராக வருகிறது என்று 2024 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. மத்திய நீர் ஆணையமே அணைகளுக்கான நீர்வரத்தைக் கணித்துச் சொல்லும் பழக்கமுள்ள அமைப்பு. ஆனால் இவை பெரும்பாலும் வெள்ளத்தை நோக்கியே கட்டப்பட்டவை. ஆறு கரையை உடைக்குமா என்பது ஒரு கேள்வி. ஒரு மாதத்தில் மொத்தம் எத்தனை டி.எம்.சி. வரும் என்பது வேறொரு கேள்வி. காவிரியின் சண்டை இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

உலக அளவிலான இந்தக் கணிப்புகளில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. அவற்றுக்கு மாண்டியாவையும் தெரியாது, தஞ்சாவூரையும் தெரியாது. மைசூரில் செய்த கணக்கைத் தமிழ்நாடு நம்பாது. சென்னைத் தரமணியில் செய்த கணக்கைக் கர்நாடகம் நம்பாது. வெளியிலிருந்து வரும் ஒரு கணக்கு, இருவருக்கும் சம தூரத்தில் நிற்கிறது என்பதாலேயே பேச்சைத் தொடங்கிவைக்கும் தகுதி பெறுகிறது.

அதே அறியாமைதான் அவற்றின் பெருங்குறையும். கிருஷ்ணராஜ சாகரின் மதகு எப்போது எத்தனை அடி உயர்த்தப்படும் என்பது ஆற்றோட்டத்தைக் கணிக்கும் எந்த உலகக் கணினி மாதிரிக்கும் தெரியாது. வழியில் உள்ள ஏரிகள், இறைவைத் திட்டங்கள், வாய்க்கால்கள் ஒன்றும் அதற்குப் புலப்படாது. ஆகவே பிலிகுண்டுலுவில் நாளை எத்தனை கன அடி ஓடும் என்று அதைக் கேட்பது வீண். கேட்க வேண்டிய இடம் அணைகளுக்கு மேலே இருக்கிறது. தலைக்காவிரியிலிருந்து குடகு வழியாக இறங்கும் நீர், ஹேமாவதியின் மலைப்பகுதி நீர், வயநாட்டில் பிறந்து கபினிக்கு வரும் நீர் ஆகியவற்றில் பெரும்பகுதி இயற்கை ஓட்டம். அங்கே மழை, சரிவு, மண் ஆகியவை போடும் கணக்கே அதிகம். மனிதன் திருகும் சக்கரம் குறைவு. குடிகேயிலும் முத்தங்கேராவிலும் மத்திய நீர் ஆணையத்தின் அளவிடும் நிலையங்கள் ஆண்டுக்கணக்காக இருக்கின்றன. உலகக் கணிப்பை அந்த நிலையங்களின் பழைய அளவீடுகளோடு ஒட்டிப் பார்த்து, அது எப்போதும் கூட்டிச் சொல்கிறதா, குறைத்துச் சொல்கிறதா என்று கண்டு திருத்தினால், நமக்கு ஏற்ற கருவியாக அது மாறும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துச் சரிவில் பெய்த மழை ஓரிரு நாளில் அணைக்கு வந்துவிடுகிறது என்பதால், இங்கே ஆற்றுக் கணிப்பு என்பது பெரும்பாலும் மழைக் கணிப்புதான். பத்து நாள் வரை ஓரளவு தெளிவாகவும், நான்கு வாரம் வரை மங்கலாகவும், அதற்கு மேல் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற அளவிலும்தான் சொல்ல முடியும். இது ஒன்றும் குறைந்த பயன் அல்ல. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை அடைய மூன்று நான்கு நாள். அங்கிருந்து எங்கள் கடைமடைக்கு வர இன்னும் பத்து நாளுக்குக் குறையாது. எங்கள் வயலைப் பொறுத்தவரை, இன்று உங்கள் கூட்டத்தில் எடுக்கும் முடிவு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நீராகிறது. முடிவுக்கும் நீருக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியைத்தான் இந்தக் கணிப்பு நிரப்பும்.

இதைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய ஆண்டுகளின் வானிலையைக் கொடுத்து, அப்போது இந்த மாதிரி என்ன சொல்லியிருக்கும் என்று ஓட்டிப் பார்க்கும் பின்னோக்குக் கணிப்புகள் குளோஃபாஸிடம் ஆயத்தமாக இருக்கின்றன. 2002, 2012, 2016, 2023 ஆகிய பஞ்ச ஆண்டுகளிலும், ஆற்றில் இடமில்லாமல் நீர் ஓடிய 2018இலும் அது எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கும் என்று பார்த்து, முடிவை நான்கு தரப்பு வல்லுநர்களும் கையெழுத்திட்டு வெளியிடுங்கள். தேறாவிட்டால் தேறவில்லை என்றே எழுதுங்கள். ஒழுங்காற்றுக் குழுவில் வானிலைத் துறையின் பிரதிநிதிக்கும் மத்திய நீர் ஆணையத்தின் பிரதிநிதிக்கும் ஏற்கெனவே நாற்காலி உண்டு. இதற்காகப் புதிய அலுவலகம் கட்ட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

முன்கணிப்பை நம்பி நீரைப் பங்கிடுவது எங்காவது நடக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் நடக்கிறது. ஏழு மாநிலங்கள் பங்கிடும் ஆறு அது. சண்டையில் நமக்குக் குறைந்தவர்கள் அல்லர். 2007இல் வகுத்த விதியின்படி, ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் அடுத்த 24 மாதங்களுக்கான நீர்க்கணிப்பு வெளியாகும். ஜனவரி முதல் நாளில் அந்த ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் 1,075 அடிக்குக் கீழே போகும் என்று அந்தக் கணிப்பு சொன்னால், எந்த மாநிலத்துக்கு எவ்வளவு வெட்டு என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் அந்த நிலை முதன்முறையாக வந்தது. 2022ஆம் ஆண்டுக்கு அரிசோனாவின் பங்கில் 18 விழுக்காடு குறைக்கப்பட்டது. அரிசோனாவின் விவசாயிகளுக்கு அது பேரிடி. ஆனால் விதைப்புக்கு முன்பே தெரிந்த இடி. அந்த முறையிலும் குறை உண்டு. மழை மிகுந்த பழைய பத்தாண்டுகளின் சராசரியை நம்பியதால் கணிப்பு நடப்பைவிட நல்லதாகவே வந்துகொண்டிருந்தது என்று அங்கேயே பேசினார்கள். 30 ஆண்டுச் சராசரியை அளவுகோலாக வைத்திருக்கும் நாமும் கவனிக்க வேண்டிய குறை அது. நம் ஆற்றுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விதியின் வரிசை முறை: முதலில் கணிப்பு எங்கிருந்து வரும் என்பதில் உடன்பாடு, பிறகு கணிப்பு இன்னது சொன்னால் இன்னது செய்வோம் என்பதில் உடன்பாடு, அதன் பிறகே பருவமழை. ஜூன் 1க்கு முன்பு, யாருக்கு லாபம் யாருக்கு நட்டம் என்று தெரியாத நேரத்தில் விதி எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாவிட்டால், குறைவாக வரும் என்ற கணிப்பைக் காட்டி மேலே உள்ளவர் நீரைப் பிடித்து வைப்பார். நிறைய வரும் என்ற கணிப்பைக் காட்டிக் கீழே உள்ள நாங்கள் கூடுதலாகக் கேட்போம். எங்களையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

பஞ்சத்துக்கு மட்டும் அல்ல இந்தக் கணக்கு. 2024 ஜூலைத் தொடக்கத்தில் மேட்டூரில் 40 அடி அளவுக்கே தண்ணீர், 80 டி.எம்.சி.க்கு மேல் காலி இடம். ஜூன் 12 திறப்பு தவறிப்போய், ஜூலை 28 அன்றுதான் அணை திறந்தது. 30 அன்று 120 அடி நிரம்பியது. ஒரே மாதத்தில் பஞ்சமும் பெருக்கும். அதன் பின் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி.; எத்தனை நாள் எத்தனை டி.எம்.சி. போனது என்பதை எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணியவர்கள் உண்டு. அப்போது எங்கள் வாய்க்கால்களில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது, குளங்களின் தலைப்பு அடைபட்டிருந்தது. குடகிலும் வயநாட்டிலும் பெருமழை வரும் என்பது பத்து நாள் முன்னதாக அணைவாரியாக டி.எம்.சி.யில் சொல்லப்பட்டிருந்தால், கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பும் வரை காத்திராமல் சிறுகச் சிறுக விட்டிருக்கலாம். மேட்டூர் மெதுவாக நிரம்பியிருக்கும். எங்களுக்கும் தலைப்பைத் திறக்க நாள் கிடைத்திருக்கும். 2018 ஆகஸ்ட் பெருக்கில் முக்கொம்பில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை நேரில் பார்த்தவன் நான். நூறாண்டு கடந்த கட்டுமானத்தின் வயதை எந்தக் கணிப்பும் குறைக்காது. ஆனால் பெருக்கு எத்தனை நாள் நீளும் என்று தெரிந்திருப்பது கரையில் காவல் நிற்கும் லஸ்கருக்கும் பொறியாளருக்கும் பெரிய உதவி.

இனி தரவைப் பற்றி. உலக மாதிரிகள் எல்லாமே தரையில் அளந்த எண்களை உண்டுதான் வளர்கின்றன. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் 1988 முதல் இயங்கும் உலக ஆற்றோட்டத் தரவு மையம் பல நாடுகளின் அளவீடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. கொடுக்கும் நாடுகளின் ஆறுகளைப் பற்றிய கணிப்பு தேறுகிறது, கொடுக்காத நாடுகளின் ஆறுகளில் மாதிரி ஊகித்துக்கொள்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆகியவற்றின் ஓட்ட அளவுகள் அண்டை நாடுகளின் காரணமாக மறைத்து வைக்கப்படுகின்றன. காவிரிக்கு அந்தத் தடை இல்லை. அது பிறந்து கடலில் கலக்கும் வரை இந்திய மண்ணில்தான் ஓடுகிறது. நான்கு அணைகளின் நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு, பிலிகுண்டுலுவின் ஓட்டம் ஆகியவற்றை மணிக்கொரு முறை, யாரும் எடுத்துக் கணக்கிடக்கூடிய வடிவில், கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடுங்கள். இப்போது இந்த எண்கள் படங்களாகவும் கடிதங்களாகவும் செய்திக் குறிப்புகளாகவும் துண்டு துண்டாக வருகின்றன. ஒரு பருவத்தின் கணக்கைக் கோத்துப் பார்க்க எனக்கு இரண்டு நோட்டுப் புத்தகம் தேவைப்படுகிறது.

கணிப்பை எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு வேண்டுகோள். வானிலைத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான்கு வாரங்களுக்கான நீட்டித்த கணிப்பை வெளியிடுகிறது. அதை ஒட்டி வாரந்தோறும் ஒரு பக்கத் தாள் போதும். அதில் ஒற்றை எண் வேண்டாம். அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு அணைகளுக்கும் சேர்த்துக் குறைந்தால் இவ்வளவு, கூடினால் இவ்வளவு, பெரும்பாலும் இவ்வளவு என்று மூன்று எண்கள். அவற்றுக்குக் கீழே, போன வாரம் நாம் சொன்னது இது, வந்தது இது என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கணிப்பு தவறும், அதை எங்களால் தாங்க முடியும். பஞ்சாங்கம் பார்த்து விதைத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள், தவறிய மழைக்கு நட்சத்திரத்தை வைது பழகியவர்கள். தவறியதை ஒளிக்கும் கணிப்பைத்தான் ஒருமுறைக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் மேட்டூர் ஜூன் 12 அன்று திறக்கவில்லை. 2022இல் மே 24 அன்றே திறந்தது. நாள்காட்டியில் அச்சிட்ட தேதியை நம்பி நாற்றுவிடும் காலம் எங்களுக்கு எப்போதோ போய்விட்டது. எங்கள் பகுதியில் புழுதி உழவு மே கடைசியில் தொடங்கும். விதைக்கடையில் எந்த மூட்டையைத் தூக்குவது என்பதும் அந்த வாரத்தில்தான் முடிவாகும். சோதனையாக ஒரே ஒரு பருவத்துக்கு, முதல் தாளை மே மூன்றாம் வாரத்துக்குள் வெளியிடுங்கள். அதை அச்செடுத்து எங்கள் ஊர் நூலகச் சுவரில் ஒட்டி, கேட்பவர்களுக்கு அந்த மூன்று எண்களின் பொருளை விளக்கிச் சொல்லும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெண்ணாற்றுக் கடைமடை விவசாயி ஒருவன்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.